மூன்று பென்னி வரியும் இருபது நாள் கெடுவும்

நேயர்களுக்கு வணக்கம்.

1773 டிசம்பர் 16 இரவு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் அங்கே குடியேறியிருந்த மக்கள் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். வரி ஏறியதால்தான் இந்தக் கோபம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த ஆண்டு வரி ஏறவே இல்லை. தேயிலை விலை குறையத்தான் இருந்தது.

அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. வங்காளத்தில் 1770ஆம் ஆண்டுப் பஞ்சம். இங்கே ஐதர் அலியோடு நடந்த போர். 1769இல் அவர் படை சென்னை வாசல்வரை வந்த செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. லண்டன் கிடங்குகளிலோ சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடைச் சீனத் தேயிலை விற்காமல் கிடந்தது.

கம்பெனியைக் காப்பாற்ற 1773 மே மாதம் தேயிலைச் சட்டம் வந்தது. அதுவரை கம்பெனி லண்டனில் ஏலம் விடும், வணிகர்கள் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். இனி கம்பெனியே தன் முகவர்களுக்கு நேராக அனுப்பலாம். பிரிட்டனில் கட்டிய இறக்குமதி வரியும் திரும்பக் கிடைக்கும். இடைத்தரகு ஒழிந்ததால், டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வரும் தேயிலையோடு விலையில் போட்டியிட முடியும். 1767இல் அமெரிக்காவில் இறங்கும் தேயிலைக்கு விதித்த, ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்னி வரியை மட்டும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விடவில்லை.

அந்த 3 பென்னி எங்கே போனது என்பதைப் பார்க்க வேண்டும். ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கவே அந்தப் பணம். அதற்கு முன் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது குடியேற்றக்காரர்களின் சட்டமன்றம். ஆளுநரை வழிக்குக் கொண்டுவர அவர்களிடம் இருந்த முக்கியப் பிடி அதுதான். மலிவுத் தேநீரை ஒரு கோப்பை குடித்தாலும் அந்தப் பிடி நழுவும். என் பார்வையில் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. விலைச் சலுகையால் அதைத் தீர்த்திருக்க முடியாது.

நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் புறப்பட்ட கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பின. பாஸ்டனில் மட்டும் ஏன் முடியவில்லை? டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். வரி கட்டாமல் வெளியேறச் சுங்கத்துறை அனுமதி தராது; ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் கையொப்பம் இல்லாமல் கோட்டைப் பீரங்கிகளைக் கடக்கவும் இயலாது. ஹட்சின்சனின் இரு மகன்கள் கம்பெனியின் முகவர்கள் என்பது மக்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 16 அன்று கப்பல் உரிமையாளர் பிரான்சிஸ் ராட்ச் கடைசி முறையாக ஆளுநரிடம் போனார். ஆளுநர் மறுத்தார். விடிந்தால் கெடு முடியும். பறிமுதலான சரக்கு கரையிறங்கும், வரியும் வசூலாகும். ராட்ச் திரும்பியபோது கூட்டத்தில் சுமார் 5,000 பேர் காத்திருந்தார்கள். சில மணி நேரத்தில் டார்ட்மவுத்திலும் அதன் பின் வந்திருந்த வேறு இரு கப்பல்களிலும் இருந்த தேயிலை காலியானது. கம்பெனி கணக்கிட்ட இழப்பு 9,659 பவுண்டு.

சார்லஸ்டன் துறைமுகத்தில் நடந்தது வேறு. அங்கே கெடு கடந்ததும் அதிகாரிகள் தேயிலையைப் பறிமுதல் செய்து கிடங்கில் பூட்டினார்கள். 1776இல் புரட்சியாளர்கள் அதை விற்று, அந்தப் பணத்தைத் தங்கள் போராட்டத்துக்கே செலவிட்டார்கள்.