ஒரே கட்டை, ரெண்டு காளான்: கலெரினா மார்ஜினேட்டாவை அடையாளம் கண்டுபிடிக்கறது எப்படி?

[திரையில்: பாசி படிஞ்ச மரக்கட்டை, மேல கொத்துக் கொத்தா பழுப்புக் காளான்]

வணக்கம். இந்தக் கட்டையை நல்லா பாருங்க. இதுல ரெண்டு வகை காளான் முளைச்சிருக்கு. ஒண்ணு ஜெர்மனில சூப்புல போட்டு ருசிச்சு சாப்பிடறது, இன்னொண்ணு சாப்பிட்டா கல்லீரலையே காலி பண்ணிடும். மேலேந்து பாத்து எது எதுன்னு சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது, பல வருஷமா காளான் பொறுக்கறவங்களே திணறுவாங்க.

விஷக்காளான் பேரு கலெரினா மார்ஜினேட்டா. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியாவோட குளிரான பகுதிகள், ஆஸ்திரேலியான்னு நிறைய இடத்துல இருக்கு. உளுத்துப்போன மரத்துல, அதுவும் பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரத்துல அதிகமா வரும், ஆனா அகல இலை மரத்துலயும் வரும். கனடாவுலயோ ஜெர்மனிலயோ இருக்கற நம்மாளுங்க இலையுதிர் காலத்துல காட்டுப் பக்கம் வாக்கிங் போனா இது கண்ணுல பட்டிருக்கும், பாத்தா ஒண்ணும் பெருசா தோணாது, சின்னதா, பழுப்பா, சாதுவா இருக்கும். தொட்டா ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. வயித்துக்குள்ள போனாத்தான் பிரச்சனை.

விஷம் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். அமடாக்சின். டெத் கேப்னு பேர் போன அமனிட்டா ஃபலாய்டிஸ்ல இருக்கற அதே சரக்கு, இத்தனைக்கும் ரெண்டும் நெருங்கின சொந்தம் கூட கிடையாது. நம்ம செல்லுக்குள்ள டி.என்.ஏவைப் பாத்து ஆர்.என்.ஏ எழுதற ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2ங்கற என்சைமை இது பூட்டிடும், புரோட்டீன் தயாரிக்கற வேலை படுத்துடும், கல்லீரல் செல்லுங்க ஒண்ணொண்ணா சாகும். இதுல கொடுமை என்னன்னா சாப்பிட்டு 6லேந்து 24 மணி நேரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, அப்புறம் சரியாயிட்ட மாதிரி ஒரு நடிப்பு, அதுக்குப் பின்னாடிதான் கல்லீரல் கைவிடும். வேகவெச்சாலும் வறுத்தாலும் விஷம் போகாது.

சரி, அடையாளத்துக்கு வருவோம்.

எல்லாரும் முதல்ல பாக்கறது குடையைத்தான், ஆனா இந்தக் காளான்ல குடைதான் இருக்கறதுலயே நம்ப முடியாத பாகம். அகலம் 2லேந்து 5 செ.மீ. மழை பெஞ்சு ஈரமா இருந்தா நல்ல செம்பழுப்பு, ஓரத்துல மெல்லிசா கோடு கோடா தெரியும். வெயில் அடிச்சு காய ஆரம்பிச்சா வெளுத்து சந்தன நிறத்துக்கு வந்துடும், பாதி காய்ஞ்ச நேரத்துல ரெண்டு கலரும் சேந்து தெரியும். காலையில பாத்த காளானும் மதியம் பாத்த காளானும் வேற வேறன்னு சத்தியம் பண்ணுவீங்க. இதே ரெண்டு கலர் வித்தையை சாப்பிடற காளானும் செய்யும், இன்னும் பளிச்சுன்னே செய்யும். அதோட பேரு கூனெரோமைசஸ் மியூட்டபிலிஸ்.

[திரையில்: ரெண்டு காளான் தண்டும் பக்கத்துல பக்கத்துல, க்ளோசப்]

அதனால கீழ இறங்குங்க. காளானை மேலாப்புல கிள்ளாம அடியோட எடுங்க. ரெண்டுக்குமே தண்டுல ஒரு வளையம் இருக்கும், வளையத்துக்கு மேல வழவழன்னு இருக்கும். வித்தியாசம் வளையத்துக்குக் கீழ. மியூட்டபிலிஸ்ல சின்னச் சின்ன செதிலா, நுனி வெளிப்பக்கம் சுருண்டு, தண்டு முழுக்க சொரசொரன்னு இருக்கும். கலெரினால செதில் கிடையாது, பழுப்புத் தண்டு மேல வெள்ளி நூல் மாதிரி நார் மட்டும் ஓடியிருக்கும், அடியில போகப் போக கருத்துடும். இது நல்ல அடையாளம்தான், ஆனா ஒரு மழை அடிச்சா செதில் கழண்டு போகும், வயசான காளான்ல தேஞ்சு போகும், கலெரினாவோட வளையமும் காகிதம் மாதிரி மெல்லிசு, சில சமயம் உதிர்ந்து போய் இருந்த இடமே தெரியாது. வாசனையை வெச்சு சொல்லலாம்னு சிலர் சொல்வாங்க, கலெரினால மாவு வாசனை வரும்னு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஜலதோஷம் பிடிச்ச அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?

இன்னொரு விஷயம், ரெண்டும் ஒரே கட்டையில கலந்து முளைக்கும். கொத்துல ஒண்ணை செக் பண்ணிட்டு மொத்தக் கொத்தையும் கூடையில போடறதுதான் ஆபத்தே. ஒவ்வொரு தண்டையும் பாக்கணும். நானா இருந்தா இந்த ரெண்டு காளான் பக்கமே போக மாட்டேன், ஊர்ல சாப்பிட வேற காளானா இல்ல?

அடுத்தது ஸ்போர் பிரிண்ட், அதாவது காளானோட விதை மாதிரியான ஸ்போர் தூளை பேப்பர்ல பதிய வெக்கறது. செலவே இல்லாத வேலை. தண்டை வெட்டிட்டு குடையை செவுள் பக்கம், அதாவது அடியில மடிப்பு மடிப்பா இருக்கற பக்கம், கீழ இருக்கற மாதிரி வெள்ளைப் பேப்பர்ல வைங்க, மேல ஒரு டம்ளரைக் கவுத்துடுங்க, ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில செவுளோட கோலம் அப்படியே பேப்பர்ல விழுந்திருக்கும். கலெரினாவுக்கு அது துருக்கலர் பழுப்பு. காட்டுலயே கூட இதைப் பாக்கலாம், மேல இருக்கற குடையிலேந்து கொட்டின தூள் கீழ இருக்கற குடை மேலயும், தண்டோட வளையத்து மேலயும் துரு மாதிரி படிஞ்சிருக்கும்.

இந்தப் பிரிண்ட் ஒண்ணு போதும், பாதி டூப்ளிகேட்டை வடிகட்டிடலாம். கடையில விக்கற இனோக்கி காளானோட காட்டு உறவான ஃப்ளாமுலினா வெலுட்டிபஸ் மரத்துலதான் வரும், வெள்ளை பிரிண்ட், வளையம் கிடையாது, தண்டு வெல்வெட் மாதிரி. ஆர்மிலேரியா, அதாவது ஹனி மஷ்ரூம், அதுவும் வெள்ளை. போதைக்காக சைலோசைபி தேடிப் போறவங்க இருக்காங்க, அது மரத்தூள் கொட்டின இடத்துல கலெரினாவோட தோளோட தோளா முளைக்கும், அதோட பிரிண்ட் கருஊதா. ஆனா மியூட்டபிலிஸோட பிரிண்டும் பழுப்புதான், அதனால அங்க மட்டும் இந்த டெஸ்ட் கை கொடுக்காது.

அங்க மைக்ராஸ்கோப்தான். கலெரினா ஸ்போர் சுமார் 8லேந்து 10 மைக்ரான் நீளம், மேல்தோல் கரடுமுரடு, ஒரு பக்கத்துல மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி வழவழப்பான ஒரு திட்டு. மியூட்டபிலிஸ் ஸ்போர் முழுக்க வழவழ, ஒரு நுனியில சின்ன ஓட்டை. இதுல குழப்பமே கிடையாது. மொபைல் ஆப்ல போட்டோ எடுத்து பேர் கேக்கறவங்களுக்கு சொல்றேன், உங்க கேமராவுக்கு இந்தத் திட்டு தெரியாது.

[திரையில்: பேர்ப் பட்டியல், ஒவ்வொண்ணா அடிக்கப்படுது]

இப்ப பேர் கதை, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1789ல ஜெர்மன் இயற்கையியலாளர் பாட்ஷ் இதுக்கு அகாரிகஸ் மார்ஜினேட்டஸ்னு பேர் வெச்சார், அந்தக் காலத்துல செவுள் இருந்தாலே பெரும்பாலும் அகாரிகஸ்தான். 1935ல பிரான்ஸோட ராபர்ட் கூனர் இதை கலெரினாங்கற ஜீனஸுக்கு, அதாவது பேரினத்துக்கு, மாத்தினார். வேடிக்கை என்னன்னா 1946ல காளான் ஆராய்ச்சியாளர்கள் சிங்கரும் ஸ்மித்தும் அந்த சாப்பிடற காளானுக்குப் புது ஜீனஸ் பேர் வெச்சப்ப கூனரை கௌரவிக்கற மாதிரி கூனெரோமைசஸ்னு வெச்சாங்க, ஆக விஷக்காளானை அதோட இடத்துல உக்கார வெச்சவர் பேரு அதோட டூப்ளிகேட்டுக்குப் போயிடுச்சு.

இதுக்கு நடுவுல இதே காளானுக்கு வேற வேற பேர் குவிஞ்சுது. குடை பிசுபிசுன்னு இருந்தா கலெரினா ஆட்டம்னாலிஸ், இன்னும் வெனனேட்டா, ஒரிகொனென்சிஸ், யூனிகலர்னு. குடை நம்ப முடியாத பாகம்னு சொன்னேனே, அந்தப் பிசுபிசுப்பை வெச்சே ஒரு இனத்தைப் பிரிச்சிருந்தாங்க. 2001ல காளான் ஆராய்ச்சியாளர் குல்டனோட குழு ஐரோப்பா, அமெரிக்கா மாதிரிகளோட டி.என்.ஏவை ஒப்பிட்டுப் பாத்தப்ப இந்த நாலும் மார்ஜினேட்டாவும் ஒரே இனம்னு தெரிஞ்சுது, பழைய பேருக்குத்தான் முன்னுரிமைங்கறதால பாட்ஷ் வெச்சதே நின்னுது. கலெரினா சூடோமைசினாப்சிஸ்னு வடதுருவப் பக்கத்துல பாசி நடுவுல வர்ற ஒண்ணு மட்டும் தப்பிச்சுது, ஐ.டி.எஸ்ங்கற டி.என்.ஏ பகுதில அதையும் பிரிக்க முடியல, ஆனா உருவமும் வாழற இடமும் வேற, அதனால தனியாவே விட்டுட்டாங்க.

இன்னும் பழைய அமெரிக்க கைடு புக்குல ஆட்டம்னாலிஸ்னு தனிப் பக்கம் இருக்கும். அதைப் பாத்தா பேனா எடுத்து பக்கத்துல மார்ஜினேட்டான்னு எழுதிக்கோங்க, கொடியவிஷம்னு போட்டிருக்கறதை மட்டும் அடிச்சுடாதீங்க.