நான்கு ஏற்றம், ஒரே சட்டை

நண்பர்களே, கால்பந்து என்றால் கோல் போட்டவரின் பெயரைத்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். இன்று நான் பேச வந்தது, கோல் கணக்கில் அதிகம் அகப்படாத ஒருவரைப் பற்றி. பெல்லி ரட்டக் ம்பான்சு. இந்தப் பெயரை வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன்.

லண்டனுக்கு வடக்கே லூட்டன் என்றொரு ஊர். தொப்பி செய்து பெயர் வாங்கிய ஊர். அணிக்கும் 'தொப்பிக்காரர்கள்' என்றே பட்டப்பெயர். பணக் குளறுபடிகளுக்காக 2008-09 பருவத்தில் அந்த அணிக்கு 30 புள்ளிகளை வெட்டினார்கள். முதல் பந்தை உதைக்கும் முன்பே மைனஸ் முப்பது! அந்தப் பள்ளத்திலிருந்து யார் ஏறுவார்? இங்கிலாந்தில் லீக்குகள் அடுக்கடுக்காக இருக்கும்; நன்றாக ஆடினால் அடுத்த அடுக்குக்கு ஏற்றம், மோசமாக ஆடினால் இறக்கம். உச்சியில் பிரீமியர் லீக். லூட்டனோ 2009-இல் ஐந்தாம் அடுக்கில் போய் விழுந்தது.

2013-இல் அங்கே வந்து சேர்ந்தார் பெல்லி. வயது 19. வெஸ்ட் ஹாம் என்ற லண்டன் அணியிலிருந்து முதலில் கடனாக, அதாவது தற்காலிகமாக, வந்தார். சில வாரங்களில் நிரந்தரமாகிவிட்டார்.

அவர் நடுக்கள வீரர். நடுக்கள வீரரின் வேலை என்ன? பின்கள வீரர் முன்னேறினால், அவர் விட்டுப்போன இடத்தைக் காக்க ஓட வேண்டும். பந்து பறிபோனால் திரும்ப ஓட வேண்டும். கிடைத்தால் முன்னே ஓட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைப் போல. சாப்பிட்டு எழுந்தவர்கள் சமையற்காரரைப் புகழ்வார்கள், வாளி தூக்கியவரை யார் நினைக்கிறார்கள்?

பெல்லி வாளியைக் கீழே வைக்கவில்லை. 2014-இல் ஓர் ஏற்றம், 2018-இல் ஒன்று, 2019-இல் இன்னொன்று. பயிற்சியாளர்கள் மாறினார்கள், உடன் ஆடியவர்கள் மாறினார்கள்; இவர் மட்டும் அதே சட்டையில்.

2023 மே 27, லண்டனின் வெம்பிளி மைதானம். வென்றால் நான்காவது ஏற்றம், பிரீமியர் லீக். எதிரே கோவென்ட்ரி. ஆட்டம் 1-1. லூட்டனின் கோல் ஜோர்டன் கிளார்க் அடித்தது. பெனால்டியில் 6-5 என்று வென்றார்கள். உதைத்த ஆறு பேரில் பெல்லி இல்லை. ஆனால் அந்த வெற்றியோடு ஐந்தாம் அடுக்கிலிருந்து பிரீமியர் லீக் வரை ஒரே அணியுடன் ஏறிய முதல் வீரர் என்ற பெயர் அவருக்குத்தான் வந்தது. எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. ஏன் என்று வாளி தூக்கியவர்களுக்குத் தெரியும்.

மேலே ஒரு பருவம்தான் நின்றார்கள். 18-ஆம் இடம் பிடித்து இறங்கிவிட்டார்கள். மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்களுடைய கெனில்வொர்த் ரோடு மைதானத்தைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். வெளியூர் ரசிகர்கள் நுழையும் வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டின் கீழ்த்தளம் போல இருக்கும். இரும்புப் படியில் ஏறினால் இரு பக்கமும் கொல்லைப்புறம், கொடியில் காயும் துணி. 2023 டிசம்பரில் ஐரோப்பிய சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியின் ரசிகர்களும் அந்தப் படியில்தான் ஏறி உள்ளே வந்தார்கள்.