பெங்களூரில் இருக்கிறாள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்து, இந்த நேரத்திலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடியாத்தம் மக்களுக்கும் என் வணக்கம்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களின் வாழ்க்கையைப் பெரிதும் மறைப்பது அந்த நாட்டின் சட்டமா, சொந்த ஊரின் மௌனமா? இதுதான் தலைப்பு. சொந்த ஊரின் மௌனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையைப் பற்றி விளக்கினார். வேலைக்கு எடுத்தவரே கஃபீல், அதாவது பொறுப்பாளர். அவர் சம்மதம் இல்லாமல் வேறு வீட்டுக்கு மாற முடியாது. பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருக்கும். வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் 'ஓடிப்போய்விட்டாள்' என்று புகார் கொடுப்பார். அப்புறம் அவள் அந்த நாட்டில் சட்டத்துக்குப் புறம்பானவள். அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையையும் நான் மறுக்கவில்லை. அந்தச் சுவர் உண்மை. ஆனால் அந்தச் சுவருக்குள் போகும் முன்பே அவளை மறைத்துவிட்டார்கள் என்கிறேன். விமானம் ஏறும் முன்பே, இங்கேயே, நம் தெருவிலேயே.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போகிறோம். அதில் பதித்த கல்லைப் படித்திருக்கிறீர்களா? இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. நூறு வருடம் தாண்டியும் அந்த எண்ணிக்கை நிற்கிறது. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போங்கள். அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். சீருடை போட்ட படம் நடுவீட்டில் மாட்டியிருக்கும்.

போகிறவர்களை எண்ணி வைக்கத் தெரிந்த மாவட்டம் இது. இன்றைக்கு இந்தத் தாலுகாவிலிருந்து எத்தனை பெண்கள் வளைகுடா நாடுகளில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்த மேடையில் ஒருவரால் எண்ணிக்கை சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. எந்த வீட்டுச் சுவரிலும் அவர்கள் படம் மாட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1903-லிருந்து 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். தோட்டத்தை விட்டுப் போனால் தண்டனை. அப்படிப் போன தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் மிக அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதினான் வெள்ளைக்காரன். பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம். அக்கறையில் எழுதவில்லை, கணக்குக்காக எழுதினான். அந்தச் சீட்டு அவர்களைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்றவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்று ஒரு கொள்ளுப்பேரன் தன் ஊரைத் தேடி வர முடிகிறது. என் சின்னம்மா 2017-இல் குவைத்துக்குப் போனபோது அந்த அளவுக்குக்கூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

எட்டாவது வரை படித்தவர். பீடி சுற்றினார். இந்த ஊரில் பீடி சுற்றும் வீட்டில் முறம் மடியிலேயே இருக்கும், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மட்டும் இறங்கும். சித்தப்பா உடம்புக்கு முடியாமல் படுத்தார். இரண்டு குழு லோன். செவ்வாய்க்கிழமை ஒரு வசூல், வெள்ளிக்கிழமை ஒரு வசூல். அப்போது ஒரு ஏஜென்ட் வந்தார். பெயர் வேண்டாம். பத்தாவது தேறாதவர்களுக்கு நம் அரசாங்கம் ஈ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற பாஸ்போர்ட் கொடுக்கிறது. வளைகுடா மாதிரியான நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பெண்ணாக இருந்தால் வயது முப்பது ஆகியிருக்க வேண்டும். 2016-லிருந்து இப்படிப்பட்ட பெண்களைத் தனியார் ஏஜென்ட் அனுப்பவே கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் அதற்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. இது ஒன்றும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்னம்மாவுக்கு அப்போது 28 வயது. துபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து குவைத் என்று ஏஜென்ட் சொன்னார். கூடவே, யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் கண் பட்டுவிடும் என்றார்.

எங்கள் வீடு அதைக் கேட்டுக்கொண்டது. கண் படும் என்ற பயத்தால் இல்லை. பொம்பளை தனியாக அரபி வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள் என்றால் தெரு என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சின்னம்மாவின் அம்மா, என் ஆயா, ஒரு பதில் தயார் செய்தார். தண்ணீர்க் குழாயில் கேட்டாலும், கல்யாண வீட்டில் கேட்டாலும் அதே பதில். "எம் பொண்ணு பெங்களூர்ல கார்மென்ட்ஸ்ல கீறா."

குவைத்தில் அது மூன்று மாடி வீடு, ஏழு பிள்ளைகள். விடியற்காலை எழுந்தால் படுக்கப் பன்னிரண்டாகும், நோன்பு மாதத்தில் அதுவும் கிடையாது. இஸ்திரி மேசை போட்டிருந்த சாமான் அறையில் படுக்கை. போன் வெள்ளிக்கிழமை அரைமணி நேரம், ஐ.எம்.ஓ. செயலியில். அந்த வீட்டுக் கடைசிக் குழந்தை சின்னம்மா கையில் வளர்ந்தது, அவரிடம் மட்டும்தான் சாப்பிடும். இங்கே அவருடைய மகன் மூன்று வயதிலிருந்து ஆயாவை அம்மா என்று கூப்பிட்டான். சின்னம்மா போனில் வந்தால் அவனுக்கு அவர் 'பெங்களூர் அம்மா'. பெற்ற பிள்ளைக்கே அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. குழந்தை தெருவில் உளறிவிடும் என்று அவனிடமும் சொல்லவில்லை.

அரபி வீடு என்றாலே கொடுமை என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கிழவி சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது சின்னம்மா இப்போதும் அழுவார்.

2018-இல் மூன்று மாதம் போன் வரவில்லை.

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் அந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது. ஏஜென்ட் நம்பர் அணைந்து கிடந்தது. ஆயா திங்கட்கிழமை மனுநாளுக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போனார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன், மனு எழுதியது நான். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பாஸ்போர்ட் நம்பர்? இல்லை. விசா நகல்? இல்லை. வேலை கொடுத்தவர் பெயர்? தெரியாது. எந்த ஏரியா? கொய்த்து. அந்த மாத்திரத்தில் பக்கத்தில் நின்ற எங்கள் தெருக்காரர் ஒருவர் ஆயாவைப் பார்த்து, "பெங்களூர்னு சொன்னியேம்மா?" என்றார். ஆயா மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மகளைக் காணவில்லை என்ற பயத்தைவிட, பொய் சொன்னது தெரிந்துவிட்டதே என்ற வெட்கம் பெரிதாகிவிட்டது. என் ஆயாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த வெட்கத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்கத்தான் சொல்கிறேன். நாம் கொடுத்தோம்.

கடைசியில் உதவியது அரிசிப் பானையில் கிடந்த ஒரு பணச்சீட்டு. சின்னம்மாவின் சம்பளத்தை அந்த வீட்டு டிரைவர் தன் பெயரில் அனுப்பியிருந்தார். சீட்டில் அவர் நம்பர் இருந்தது. அவர் மலையாளி. போன் செய்தபோதுதான் தெரிந்தது, மாடிப்படியில் விழுந்து சின்னம்மாவுக்குக் கால் உடைந்திருக்கிறது, போன் உடைந்துவிட்டது. மூன்று மாதம் ஒரு பெண் காலில் கட்டோடு அந்தச் சாமான் அறையில் கிடந்திருக்கிறார். இங்கே ஊருக்கு அவர் பெங்களூரில் தைத்துக்கொண்டிருக்கிறார்.

முறையாகப் போயிருந்தால் காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிர் போனாலும் நிரந்தர ஊனம் ஆனாலும் பத்து லட்சம். மருத்துவச் செலவுக்கும் வழி இருக்கிறது. ஏஜென்டுக்குக் கட்டியது அதைப்போல எத்தனையோ மடங்கு.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். எதிரணி வழக்கறிஞர் அக்கா, அங்கே வீட்டு வேலைக்காரர்களுக்குச் சட்டமே இல்லை என்றார்கள். குவைத்தில் 2015-இலேயே 68-ஆம் எண் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அடுத்த வருடம் குறைந்தபட்சக் கூலி 60 தினார் என்று நிர்ணயித்தார்கள். சின்னம்மா அங்கே இருந்த இரண்டு வருடமும் இந்தச் சட்டம் இருந்தது. அவருக்கு அது தெரிந்தது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, குடியாத்தத்தில், என் வாயால். "வாரத்துல ஒரு நாள் லீவா? எனக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சட்டம் இருந்தும் அந்த வீட்டுக்குள் நுழையவில்லையே, அப்படியென்றால் சுவர்தானே காரணம் என்பீர்கள். அதே சுவர், அதே கஃபாலா, அதே 2018. குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் பூட்டிய வீட்டில் குளிர்பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாடு கொதித்தது. குவைத்துக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. மே மாதத்துக்குள் ஒப்பந்தம் போட வைத்தது. வேலைக்காரியின் கைபேசியைப் பறிக்கக் கூடாது, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண்களும் நம் பெண்களைப்போல ஏழைகள்தான், அடியும் படுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் ஊரில் அவர்களுக்கு 'புதிய வீரர்கள்' என்று பெயர். எங்கே போனாள் என்று வீட்டுக்கும் தெரியும், நாட்டுக்கும் தெரியும். வெளிச்சத்தில் போனவளுக்காகக் கத்த முடிந்தது. பெங்களூருக்குப் போனவளுக்காகக் குவைத்திடம் யார் கத்துவது?

நம் நாடும் 2021 ஜூனில் குவைத்தோடு வீட்டுப் பணியாளர்களுக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. நல்லது. ஆனால் ஏட்டில் பெயர் இல்லாதவளை அந்தக் காகிதம் எப்படித் தேடும்? மௌனம் தெருவோடு நிற்கவில்லை. வீட்டு வேலை செய்கிறவர்களின் உரிமைக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. பிலிப்பைன்ஸ் அடுத்த வருடமே செய்துவிட்டது.

நாளைக்கு சிரசு ஊர்வலம். எங்கெங்கோ இருக்கிற குடியாத்தத்துக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கியிருக்கிறீர்கள். அம்மன் சிரசு தெருவெல்லாம் சுற்றிக் கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருந்தும்போது கண்ணீர் விடாத பெண் உண்டா? தலை ஓரிடம், உடல் ஓரிடம் என்று வாழ்கிற பெண்கள் நம் வீடுகளிலிருந்தே போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அழ நமக்கு அனுமதிகூட இல்லை. அழுதால் தெரிந்துவிடும்.

சின்னம்மா 2019-இல் வந்தார். கால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பார். கடன் தீரவில்லை. 2022-இல் மறுபடி போனார். போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். அது அவர் முடிவு. ஆனால் இந்த முறை சென்னைக்குப் போய் அரசு நிறுவனத்தில் பதிவு செய்து, ஒப்பந்தத்தை நான் வரி வரியாகப் படித்துச் சொல்லி, நகலை வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார். போகும் முன் மகனை உட்கார வைத்து, உலக வரைபடத்தில் குவைத்தைத் தொட்டுக் காட்டினார்.

போன மாதம் ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கார்டில் இருக்கும் ஒருவர் மட்டும் வரவில்லையே, எங்கே என்று கேட்டார் கடைக்காரர். நீளமான வரிசை. ஆயா எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அன்றைக்குச் சத்தமாகச் சொன்னார்: "கொய்த்துல கீறா. வீட்டு வேல செய்றா."

வரிசை திரும்பிப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயா அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதித் தெரு வந்ததும் பின்னாலேயே ஒரு அம்மா ஓடி வந்து, பையின் மறு காதைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம் கேட்டார்:

"என் மருமவ திருப்பூர்ல இல்ல ஆயா. அந்த மனு எப்படி எழுதறது, உன் பேத்திகிட்ட கேட்டுச் சொல்றியா?"