'மோர் வியர்டர்' எங்கிருந்து வருகிறது?

எல்லோருக்கும் வணக்கம். போன வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி தனியாக வந்து கேட்டார்: "சார், 'வியர்டர்' என்று சொல்லலாமா, 'மோர் வியர்ட்' என்றுதான் சொல்லணுமா?" கேட்கவே அவ்வளவு கூச்சப்பட்டார். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை.

'வியர்டர்', 'வியர்டஸ்ட்', இவைதான் வழக்கம். 'வியர்ட்' (weird) என்றால் 'விசித்திரமான'. அது ஓரசைச் சொல், அதனால் 'ஸ்ட்ரேஞ்சர்' மாதிரியே வால் ஒட்டிக்கொள்கிறது. அதே பொருளுள்ள 'பிஸார்' இரண்டு அசை, அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, அதற்கு 'மோர்' போட வேண்டும். சரி, விதி அவ்வளவுதான்.

இந்த 'வியர்ட்' முதலில் பெயர்ச்சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு விதி, ஊழ் என்று பொருள். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளை 'வியர்ட் சிஸ்டர்ஸ்' என்பது அவர்கள் விசித்திரமானவர்கள் என்பதற்காக அல்ல, விதியைச் சொல்பவர்கள் என்பதால். 'விசித்திரமான' என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

அப்புறம், நாம் ஏன் 'மோர் வியர்டர்' என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம்? நம் மொழிதான் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 'காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது' என்கிறார் வள்ளுவர். 'ஞாலத்தின்' என்றால் உலகத்தைவிட. பாருங்கள், ஒப்பிடும் வேலை முழுக்க 'ஞாலம்' என்ற சொல்லின் மேல் ஏறியிருக்கிறது, 'பெரிது' அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் நம் 'விட' போல 'தேன்' (than) என்று ஒரு சொல் இருந்தாலும் பண்புச்சொல்லும் உருமாற வேண்டும். நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'அதைவிட இன்னும் விசித்திரம்' என்போம், அந்த 'இன்னும்' ஆங்கிலத்துக்குப் போகும்போது 'மோர்' ஆகிவிடுகிறது, பள்ளியில் படித்த 'வியர்டர்' பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது!

இது ஏதோ நமக்கு மட்டும் நேர்கிற பிழை என்று நினைக்காதீர்கள். ஷேக்ஸ்பியரே ஜூலியஸ் சீசரில் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று எழுதியிருக்கிறார், அந்தக் காலத்தில் அது பிழையில்லை. இன்றைக்குத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும், அதனால் உங்கள் 'இன்னும்' என்பதை 'ஈவன்' ஆக்குங்கள், 'ஈவன் வியர்டர்'. நிறைய வித்தியாசம் என்றால் 'மச் வியர்டர்'. தம்பி, எங்கே, ஒரு வாக்கியம் சொல்லுங்கள் பார்க்கலாம்.