ஊர் பச்சையாக இருக்கும்போது ஆட்டுக்கு இடமில்லை

(காரைக்குடி வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றில், வாசகர் கூட்டத்தில் பேசியது. பேசிய போக்கிலேயே எழுதித் தந்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

'லாபம் தரும் செம்மறி வளர்ப்பு' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். செம்மறி வளர்ப்புக்கு நான் பொறுப்பு. முதல் இரண்டு சொல்லுக்கு நோட்டீஸ் அடித்தவர்தான் பொறுப்பு.

எங்கள் வீட்டில் கொஞ்சம் மானாவாரி வயல், ஒரு பட்டி ஆடு. ஆடு நாற்பதை ஒட்டி நிற்கும். குட்டி போடும் காலத்தில் கூடும், தீபாவளியும் பக்ரீத்தும் கழிந்தால் குறையும். கல்லல், காளையார்கோவில், தேவகோட்டைப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கிற கிராமங்களுக்குப் போனால் இந்த அளவுப் பட்டிகளைப் பார்க்கலாம். நூறு ஆடு ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பார்கள். நாற்பது ஆட்டை ஓர் ஆள் குரல் கொடுத்தே திருப்பிவிடலாம். அதற்கு மேல் போனால் இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னோர் ஆள் பள்ளிக்கூடம் போகிறான். போகட்டும். அதனால் நாற்பது.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டுதான் தெரியும்: வீடும் சாப்பாடும். கானாடுகாத்தானில் இறங்கி வீட்டுத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானம் மட்டன் சுக்கா சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். வழியில் மந்தை குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்கிறார்கள். தட்டில் இருந்ததும் ரோட்டில் போவதும் ஒன்றுதான் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு ஆசை. இலையிலே வெள்ளாடு என்று சொல்லிப் பரிமாறினாலும், சட்டியில் செம்மறி இருப்பது உண்டு. அது கடைக்காரர் கதை, எனக்கெதற்கு.

எங்கள் பக்கம் இருப்பது பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை. பெயர்தான் வெள்ளை, முகத்திலோ காலிலோ பழுப்பு, கறுப்புத் திட்டு விழுந்த ஆடுகளும் உண்டு. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பே இல்லை. வளர்ந்த கிடா 30 கிலோவை ஒட்டி நிற்கும். இதில் கம்பளி வராது, மயிர்தான். ஆகவே சினிமாவில் பார்க்கிற மாதிரி ஆட்டைப் பிடித்து ரோமம் கத்தரிக்கிற வேலையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. எங்கள் வரும்படி குட்டியிலும் புழுக்கையிலும்தான். ஒரு பெட்டை ஐந்து மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டி போடும். இரட்டை அபூர்வம். இதை வைத்துக் கணக்குப் போட்டால் நோட்டீஸில் இருக்கிற அந்த இரண்டு சொல்லின் நிலைமை உங்களுக்கே புரியும்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஆடு எங்களுடையது. அது தின்கிற புல் எங்களுடையது இல்லை. எங்கள் வயலில் விளைகிற புல்லை நம்பினால் நாற்பது ஆடு ஒரு வாரம்கூடத் தாங்காது. அறுத்த வயல், தரிசு, கண்மாய் உள்வாய், ஓடைக்கரை, கோயில் காடு எல்லாமே அடுத்தவர் இடம் அல்லது ஊர் இடம். அந்த இடங்கள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதுதான் எங்கள் பஞ்சாங்கம்.

தை அறுவடை முடிந்ததும் வயல் திறக்கும். தாளும் வரப்புப் புல்லும் ஆட்டுக்கு. மாசி, பங்குனியில் கண்மாய்த் தண்ணீர் வற்றி உள்வாய் தெரியும். ஈரம் இருக்கிற வரைக்கும் அறுகும் கோரையும் முளைத்துக்கொண்டே இருக்கும். சித்திரை வைகாசியில் புல் தீய்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது சீமைக்கருவேல நெற்றுதான். ஊர் முழுக்கச் சபிக்கிற மரம், உயர்நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போன மரம். ஆனால் கோடையில் அதன் பழுத்த நெற்று உதிர்ந்து கிடந்தால் ஆடு ஓடி ஓடிப் பொறுக்கும். தின்ற நெற்றின் விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். அந்த மரம் இத்தனை கண்மாயில் பரவியதில் ஆட்டுக்கும் பங்கு உண்டு. மறுக்க மாட்டேன்.

ஆவணி, புரட்டாசியில் வயலில் விதை விழும். அன்றிலிருந்து வயல் மூடியாச்சு. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகும். உள்வாயும் போச்சு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கார்த்திகையில் இங்கே வந்து பார்த்துவிட்டு, 'அடடா, எங்கே பார்த்தாலும் பச்சை, ஆட்டுக்கு நல்ல காலம்' என்பார்கள். அந்தப் பச்சையில் முக்கால்வாசி நெல். வாய் வைத்தால் பஞ்சாயத்து. ஊர் பச்சையாக இருக்கும்போதுதான் ஆட்டுக்காரருக்கு இடம் இல்லை. பொட்டலிலும் ரோட்டோரத்திலும் ஓட்டிக்கொண்டு, ஒரு கண் ஆட்டின் மேல், ஒரு கண் அடுத்தவர் பயிரின் மேல் வைத்து நாலு மாதம் தள்ள வேண்டும்.

நோயும் அந்த மாதங்களைப் பார்த்துத்தான் வரும். கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி, சாயங்காலமும் ராத்திரியும் கடிக்கும். அது கடித்தால் நீலநாக்கு நோய்: காய்ச்சல், உதடு வீங்கும், வாய் புண்ணாகும், நடக்க முடியாமல் நொண்டும். அதனால்தான் மழைக்காலத்தில் இருட்டும்போது பட்டியைச் சுற்றி நொச்சி, வேப்பந்தழை போட்டுப் புகை மூட்டுகிறோம். துள்ளுமாரி இன்னும் கொடுமை. முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற குட்டி, நேற்று வரைக்கும் துள்ளிக்கொண்டிருந்தது, காலையில் விறைத்துக் கிடக்கும். மெலிந்த குட்டி பிழைத்துக்கொள்ளும், கொழுத்ததுதான் போகும். இதற்கு மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி இருக்கிறது, கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் போடுகிறார்கள். அதை ஒருமுறை போட்டால் மூன்று வருஷம் தாங்கும். 'என் ஆட்டுக்கெல்லாம் ஒண்ணும் வராது' என்று சொல்லிப் பட்டியைத் திறக்க மறுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஆடும் என் ஆடும் ஒரே கண்மாயில்தானே தண்ணீர் குடிக்கிறது.

ஆட்டு வயிற்றில் புழு இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்ப்பதை மட்டும் செய்து காட்டச் சொன்னார்கள், ஆட்டை நூலகத்துக்குள் கூட்டிவர முடியாது, சொல்கிறேன். ஆட்டின் தலையை உங்கள் தொடையோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் மேல் இமையை மெல்ல அழுத்திக்கொண்டு, மற்ற கையால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள்தோல் பிதுங்கித் தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறி, காகிதம் மாதிரி இருந்தால் வயிற்றில் புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிழலில் வைத்துப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தில் பாருங்கள். நாற்பது ஆட்டையும் இப்படிப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். எல்லா ஆட்டுக்கும் கண்மூடித்தனமாக மாதாமாதம் மருந்து ஊற்றினால், கொஞ்ச நாளில் புழு அந்த மருந்துக்கே பழகிவிடும்.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், விடியற்காலையில் பட்டியைத் திறக்க விடமாட்டார். "ஏத்தா, பனி காயட்டும், அப்புறம் பத்திக்கிட்டுப் போ" என்பார். பனி நனைந்த புல்லில் ஆட்டுக்குச் சளி பிடிக்கும் என்பது அவர் சொல்கிற காரணம். ஈரமான புல்லில்தான் புழுக்குஞ்சு நுனி வரைக்கும் ஏறி நிற்கும், வெயில் ஏறினால் அடிக்கு இறங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். காரணம் எதுவாக இருந்தாலும் பட்டி திறக்கிற நேரம் ஒன்றுதான்.

மத்தியான வெயிலில் செம்மறியைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளாடு நிழலைத் தேடித் தனியாகப் போய்விடும். செம்மறி மரமில்லாத பொட்டலில் அகப்பட்டால் நெருக்கி வட்டமாக நின்று, ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொள்ளும். மேலே இருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான் தெரியும், ஒரு தலையும் தெரியாது. எல்லாம் ஒன்றன் நிழலில் ஒன்று நிற்கும். அந்த நேரத்தில் அடித்து விரட்டினாலும் நகராது. மேய்க்கிறவருக்கும் அப்போதுதான் தூக்குவாளியைத் திறக்க நேரம் கிடைக்கும்.

கிடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை மறித்து அடைப்போம். புழுக்கையும் மூத்திரமும் அதே இடத்தில் விழும். மறுநாள் பட்டியைத் தள்ளிப் போடுவோம். இப்படியே வயல் முழுக்க நகர்ந்துவிடும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது நம் ஊர்க் கணக்கு. ஒரு வீட்டு ஆடு போதாது என்பதால் நாலைந்து வீட்டு ஆட்டைச் சேர்த்துக் கிடை போடுவோம். முன்பு கூலி நெல்லாக வந்தது, இப்போது ரூபாயாக வருகிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் பெரிய மந்தையாக ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரைக்கும் போய்க் கிடை போட்டு, மழைக்கு முன் திரும்புவார்கள். அவர்கள் தொழில் வேறு, தெம்பும் வேறு. எங்களைப் போன்ற வீட்டு மந்தைக்கு உள்ளூர் வயல்தான்.

கிடையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வருஷம் முழுக்க "உன் ஆடு என் வரப்பை மிதிச்சிருச்சு" என்று சத்தம் போடுகிற அதே பெரியவர், மாசியில் வீட்டு வாசலுக்கு வருவார். "ஏத்தா, இந்த வருஷம் மொதல்ல நம்ம வயல்ல போட்ரு, பக்கத்து வயலுக்கு அப்புறம் போகலாம்." "சரிங்கய்யா, ஆனா ஐப்பசியில உங்க தென்னந்தோப்புப் பக்கம் ஓட்டினா ஏசக்கூடாது." சிரித்துக்கொண்டே போவார். இந்தப் பேச்சு எந்த ஆவணத்திலும் இல்லை. ஆனால் ஐப்பசியில் என் ஆடு எங்கே நிற்கும் என்பது இந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

இப்போது அந்தப் பெரியவரின் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வயலில் சிலது பிளாட்டாகிக் கல் நட்டாயிற்று, சிலதில் கம்பிவேலி. வேலி போட்டவர் கெட்டவர் இல்லை. அவரிடம் போய்ப் பேச அவர் ஊரில் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் தைலமரக் காடு. அந்த இலையை ஆடு மோந்துகூடப் பார்க்காது. மரத்தடியிலும் பெரிதாகப் புல் கிடையாது. ஏக்கர் கணக்கில் பச்சையாக நிற்கும், ஆட்டுக்கு அது வெறும் சுவர்.

2011-இல் அரசு விலையில்லா ஆடு கொடுக்கத் தொடங்கியபோது வீட்டுக்கு நாலு ஆடு என்று வந்தது. நல்ல திட்டம்தான், அதில் கரையேறிய பெண்களை எனக்கே தெரியும். ஆனால் ஆடு வந்ததே தவிர, கூடவே மேய்க்கிற இடம் வரவில்லை. இடம் இருந்த வீட்டில் நாலு பத்தானது. இல்லாத வீட்டில் நாலும் சந்தைக்குப் போனது.

யூடியூபில் பரண் போட்டு ஆடு வளர்க்கிறார்களே, அது மாதிரி செய்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம், வெள்ளாட்டுக்கு நன்றாகவே ஒத்து வரும். செம்மறியையும் கொட்டிலில் வைத்துக் கொழுக்க வைக்க முடியும். ஆனால் தீவனத்துக்குத் தண்ணீர் வேண்டும், போர்வெல் வேண்டும், முதல் வேண்டும். அது வேறு தொழில். ரோட்டோரத்துப் புல்லைக் கறியாக்குகிற தொழிலுக்கு அதைப் பதிலாகச் சொல்லாதீர்கள்.

நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம், படிக்கத் தெரிந்தவர்கள்தான் எதிரே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஊரில் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை என்று அதில் எழுதியிருக்கும். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, அதாவது ஊர் ஆடு மாட்டுக்கென்று விட்ட இடம், என்று எழுதியிருப்பவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். என்ன இருக்கிறதோ அதைக் கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் 'ஆட்டுக்காரங்க வந்துட்டாங்க' என்பார்கள். மட்டன் சாப்பிடுகிறவர்கள் சொன்னால் கொஞ்சம் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

(பேச்சு முடிந்தபின் ஒரு தம்பி, பத்து ஆடு வாங்கி ஆரம்பிக்க எந்த மாதம் நல்லது, எங்கே வாங்கலாம் என்று கேட்டார். அதற்குச் சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன்.)

தையில் வாங்குங்கள் தம்பி, வயல் திறந்திருக்கும், ஆடு உங்களுக்குப் பழகும் வரைக்கும் தீனிக்கு அலைய வேண்டாம். திருப்புவனம் சந்தையிலும் வாங்கலாம், விலை தெரிந்துகொள்ள ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சும்மா சுற்றிவிட்டு வாருங்கள். ஆனால் முதல் ஆட்டைப் பக்கத்து ஊரில் தெரிந்த பட்டியிலிருந்து பிடியுங்கள். சந்தையில் எந்த ஊர் ஆட்டோடு எந்த ஆடு நின்றதென்று யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், ஆட்டின் வயசு அதில்தான் தெரியும். பெட்டை இரண்டு பல் அல்லது நாலு பல்லாக இருக்கட்டும், எட்டுப் பல்லும் சேர்ந்தது வேண்டாம். கிடா ஒன்று போதும், இருபது பெட்டைக்குக்கூட அது தாங்கும். அந்தக் கிடாவை மட்டும் பெட்டை வாங்கிய பட்டியிலேயே வாங்காதீர்கள், உறவு கலந்துவிடும். கொண்டுவந்ததும் ஊர் மந்தையோடு விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி வையுங்கள். அந்த நாட்களில் ஆட்டுக்கு வேலை இல்லை, உங்களுக்கு இருக்கிறது: உங்கள் வயலைச் சுற்றி வயல் வைத்திருக்கிறவர்கள் எல்லோர் வீட்டுக்கும் ஒரு நடை போய், ஆடு வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.