நந்தி மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது?

[காட்சி: மூடுபனி, வளைந்து ஏறும் மலைப்பாதை]

வணக்கம், அல்சூரிலிருந்து பேசுகிறேன். பெங்களூருத் தமிழர்களில் நந்தி மலைக்குப் போகாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். விடியற்காலை நாலு மணிக்கு பைக்கை எடுத்தால் சுமார் 60 கிலோமீட்டர், பனியில் நடுங்கிக்கொண்டே சூரியோதயம், திரும்பும் வழியில் தட்டு இட்லி. 1791இல் ஆங்கிலேயர் திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை, 1927இல் காந்தி உடம்பு தேற வந்து தங்கிய இடம், இதெல்லாம் எல்லா வீடியோவிலும் வரும். நாம் தண்ணீரைப் பார்ப்போம்.

[காட்சி: மலை மேல் அமிர்த சரோவரம், நாலு பக்கமும் இறங்கும் கல்படிகள்]

உயரம் 1,478 மீட்டர்தான், ஊட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன மலை. ஆனால் இந்த மலைத்தொடர் ஓட்டு வீட்டின் முகடு மாதிரி. முகட்டில் விழும் மழை இரண்டு தாழ்வாரத்துக்கும் பிரிந்து போகுமில்லையா, அதே கதைதான் இங்கேயும். ஒரு பக்கம் இறங்கும் நீர் வடபெண்ணையாகி ஆந்திராவுக்குள் போய் நெல்லூரைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. இன்னொரு பக்கம் அர்க்காவதி, ஹெசரகட்டா, ராமநகரம், கனகபுரா என்று சுற்றிக்கொண்டு சங்கமாவில் காவிரியில் கலக்கிறது. மூன்றாவதுதான் நம்ம தென்பெண்ணை.

[காட்சி: வரைபடத்தில் ஒரு நீலக்கோடு தெற்கே இறங்குகிறது]

ஹொசகோட்டே, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், கடைசியில் கடலூர். 400 கிலோமீட்டருக்கும் மேல். பெங்களூரின் கிழக்குப் பாதிக் கழிவும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இதில்தான் விழுகிறது, அதனால்தான் ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கிறது. மதகைத் திறந்ததும் நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து பக்கத்து வயலில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைத்தான் விவசாயிகள் பாய்ச்சுகிறார்கள். நாம் இங்கே குழாயில் கழுவிவிடுகிற சோப்பு அது, எனக்கு இதைப் பொறுக்கவே முடியவில்லை.

[காட்சி: மலை விளிம்பு, கீழே ஏரிகள்]

என் அத்தை திருக்கோவிலூர்க்காரர். தை மாதம் 5ஆம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தென்பெண்ணை மணலுக்கு வந்து இறங்கும், அத்தை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. போன முறை மலை மேலே நின்று அவருக்கு போன் போட்டு, "அத்தை, உங்க ஆறு இந்தப் பக்கம்தான் பொறக்குது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"அங்க மழை உண்டாப்பா?"