தொய்ந்த கம்பிக்கு ஒரு நெளிவு

வணக்கம் நேயர்களே. வேலி போட்ட புதிதில் கம்பி விண்ணென்று நிற்கும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் கடந்ததும் தொங்க ஆரம்பிக்கும். கன்றுக்குட்டி தலையை விட்டுப் பார்க்கும். தலை போன வழியில் உடம்பும் போய்விடும். உடனே வேலிக் கோடிக்குப் போய், கம்பியை அவிழ்த்து, இழுத்துக் கட்டத் தோன்றும். அது வேண்டாம், கம்பியில் நெளிவு போடும் ஒரு கைக்கருவி போதும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தொய்வு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். மிச்சமாக இருக்கும் கம்பியோ துளிதான். தூணுக்குத் தூண் 3 மீட்டர் என்று வையுங்கள். நடுவில் கம்பி நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. அங்கே கூடுதலாக இருக்கும் கம்பி எவ்வளவு தெரியுமா? 5 மில்லிமீட்டர். திரும்பவும் சொல்கிறேன், வெறும் அரை சென்டிமீட்டர். இதற்காகவா வேலி முழுவதையும் அவிழ்ப்பது?

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். கை பலம் போதாதென்று, கம்பியை டிராக்டரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்தார். கம்பி இறுகியது, அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் நின்றவர் "போதும் அண்ணே" என்கிறார். இவர் "இன்னும் கொஞ்சம்" என்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். மூலைத் தூண் மெல்லத் தலைசாய்ந்தது. இழுத்த கம்பி சரியாகிவிட்டது. அதே தூணில் கட்டியிருந்த மற்ற வரிசைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன! ஒரு கம்பியைச் சரிசெய்யப் போய் நாலு கம்பி வேலை. நல்லவேளை, கம்பி அறவில்லை. இறுகிய கம்பி அறுந்தால் சாட்டையாகச் சுழன்று வரும். முகத்துக்கு நேரே வந்தால் கண் போய்விடும்.

சரி, நெளிவு போடும் கருவிக்கு வருவோம். குறடு மாதிரி இரண்டு நீளக் கைப்பிடி. ஒரு தாடையில் இரண்டு முளை, எதிர்த் தாடையில் ஒன்று. தொய்ந்த இடத்தில் கம்பியைக் கவ்வி அழுத்தினால், ஒற்றை முளை கம்பியை மற்ற இரண்டுக்கும் நடுவே தள்ளும். கம்பியில் ஒரு நெளிவு விழும். நெளிவின் அகலம் 6 சென்டிமீட்டர், ஆழம் 1 சென்டிமீட்டர் என்றால், அது விழுங்கும் நீளம் 3 மில்லிமீட்டர். ஆக, இரண்டு நெளிவு போதும். இறுகும்போது கொஞ்சம் விரியும் என்பதால் மூன்றாகவே போடுங்கள். அவிழ்க்க வேண்டாம், வெட்ட வேண்டாம், தூணைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். வெப்பம் 30 டிகிரி மாறினால் 100 மீட்டர் இரும்புக் கம்பியில் 36 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நெளிவுகள் அதில் ஒரு பங்கை வில் மாதிரி வாங்கிக்கொள்ளும். உச்சி வெயிலில் கம்பியை ஒரேயடியாக இறுக்காதீர்கள். இரவில் அது தானாகவே இன்னும் இறுகும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அப்புறம், முக்கியமானதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெளிவு போடுவது எளிதில் வளையும் மென்மையான இரும்புக் கம்பிக்கு மட்டும். உயர் இழுவிசைக் கம்பியை, அதாவது அதிக இழுப்பைத் தாங்கும் விறைப்பான கம்பியை, இப்படி மடக்கினால் மடிந்த இடத்தில் வலு குறையும். அதற்கு, பல்சக்கரத்தில் கம்பியைச் சுற்றி இறுக்கும் ராட்செட் இறுக்கிதான் சரி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மின்வேலியா? முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு வாருங்கள். வணக்கம்.